ஸ்பெர்ம் ஆன்டிபாடி பாசிட்டிவ்னு ரிப்போர்ட் வந்திருக்கு, இனி என்ன பண்றது?

பனித்துளி:

எல்லாருக்கும் வணக்கம், இங்க ரொம்ப நாளா படிச்சிட்டு மட்டும்தான் இருந்தேன், இப்பதான் முதல் தடவையா எழுதறேன். கல்யாணமாகி மூணு வருஷம் தாண்டிடுச்சு, எனக்கு வயசு 31. எனக்கு ட்யூப் ரெண்டும் ஓப்பன், முட்டை ஒழுங்கா வெடிக்குதுன்னு ஸ்கேன்ல பாத்தாச்சு, தைராய்டு எல்லாம் நார்மல், அவரோட செமன் ரிப்போர்ட்டும் நல்லாதான் இருக்கு. இத்தன நாளும் காரணம் தெரியலன்னுதான் சொல்லிட்டு இருந்தாங்க. இப்ப புதுசா ஒரு ரத்த டெஸ்ட் எழுதிக்குடுத்தாங்க, அதுல ஆன்டி ஸ்பெர்ம் ஆன்டிபாடி பாசிட்டிவ்னு வந்திருக்கு.

டாக்டர் அத பாத்துட்டு "உங்க உடம்பு அவரோட விந்தணுவ ஏத்துக்க மாட்டேங்குது மா"னு ஒரே வரில சொல்லிட்டு, ஆறு மாசம் காண்டம் போடுங்க, கூடவே ஸ்டீராய்டு மாத்திரை ஆரம்பிக்கலாம்னு எழுதிட்டாங்க. எனக்கு அந்த ஒரு வரி மனசுல அப்படியே நிக்குது. வீட்டுல வேற "ரெண்டு பேருக்கும் உடம்பு ஒத்துக்கல போல"ன்னு பேச ஆரம்பிச்சிட்டாங்க, அது அவரையும் பாதிக்குது, என்னையும் பாதிக்குது. குழந்தை வேணும்னு இருக்கறவங்கள ஆறு மாசம் காண்டம் போடச் சொல்றதும் எனக்கு புரியவே இல்ல.

என் கேள்வி இதுதான். இந்த ஆன்டிபாடி இருந்தா இயற்கையா நிக்கவே நிக்காதா? ரத்தத்துல இருக்கறதுக்கும் கர்ப்பப்பைக்கும் என்ன சம்பந்தம்? இன்னொண்ணும் கேக்கணும், சில சமயம் சேந்ததுக்கு அப்புறம் எனக்கு எரிச்சல் இருக்கும், அதுவும் இதனாலயா? தெரிஞ்சவங்க கொஞ்சம் பொறுமையா சொல்லுங்க ப்ளீஸ்.

லேப்_விளக்கு:

சிஸ்டர், நான் ஆண்ட்ராலஜி லேப்ல, அதாவது விந்து பரிசோதிக்கற லேப்ல வேலை பாக்கறவன், டாக்டர் இல்ல, அதனால மருந்து பத்தி முடிவு சொல்ல மாட்டேன், ஆனா இந்த டெஸ்ட் பத்தி நல்லாவே தெரியும். முதல்ல அந்த "ஒத்துக்கல"ங்கற பேச்ச தூக்கி ஓரமா வைங்க. ஆன்டிபாடின்னா அந்நியப் பொருள எதிர்க்க உடம்பு உண்டாக்கற ஒரு புரோட்டீன், இந்த ஆன்டிபாடி உங்க வீட்டுக்காரருக்கு எதிரா உருவானது கிடையாது. விந்தணு மேல இருக்கற சில புரோட்டீன், சில சர்க்கரை மூலக்கூறு, இதையெல்லாம் பாத்துதான் அது ஒட்டும், அது எல்லா ஆம்பளைங்களோட விந்தணுலயும் இருக்கறதுதான். அதனால உங்க ரெண்டு பேருக்கும் பொருத்தம் இல்லன்னு யாராவது சொன்னா அதுக்கு எந்த அடிப்படையும் இல்ல.

ரெண்டாவது, ரத்தத்துல பாசிட்டிவ்னா கதை முடிஞ்சதுன்னு அர்த்தமே இல்ல. கிட் வச்சு ரத்தத்துல பாக்கற எலைசா டெஸ்ட், விந்தணுவ உடைச்சு எடுத்த புரோட்டீன் மேல என்ன ஒட்டுதுன்னு பாக்கறதுதான் நெறைய. உயிரோட நீந்திட்டு இருக்கற விந்தணுக்குள்ள இருக்கற புரோட்டீன ஆன்டிபாடி தொடவே முடியாது, ஆனா டெஸ்ட்ல அதுக்கும் சேத்து பாசிட்டிவ் காட்டிடும். அதோட ஆன்டிபாடில பல வகை இருக்கு, ரத்தத்துல ஓடற ஐஜிஎம் வகை ரொம்ப பெருசா இருக்கறதால கர்ப்பப்பை வாய் பக்கம் அவ்வளவா வர்றதில்ல, ஐஜிஜி ரத்தத்துலேர்ந்து கசிஞ்சு வரும், ஐஜிஏ அந்த இடத்துலயே சுரக்கும். நமக்கு முக்கியம் கடைசி ரெண்டும்தான், அதுவும் கருப்பை வாய் சளியில எவ்வளவு இருக்குங்கறதுதான். ஒரு பிரச்சனையும் இல்லாம குழந்தை பெத்த பொண்ணுங்க சில பேர் ரத்தத்துலயும் இந்த ஆன்டிபாடி இருக்கும். அதனால உங்க ரிப்போர்ட்ல என்ன முறையில டெஸ்ட் பண்ணாங்க, எந்த வகை, எவ்வளவு அளவுன்னு போட்டிருக்கான்னு முதல்ல பாருங்க, வெறும் பாசிட்டிவ்ங்கற ஒரு வார்த்தைய வச்சு ஆறு மாச முடிவு எடுக்காதீங்க.

நிஜமாவே வலுவான ஆன்டிபாடி இருந்தா என்ன ஆகும்னு மைக்ராஸ்கோப்ல பாத்தா தெளிவா தெரியும். ஒரு ஸ்லைடுல கருப்பை வாய் சளி ஒரு துளி, பக்கத்துல விந்து ஒரு துளி, ரெண்டும் தொடற மாதிரி வச்சு மூடுவோம். சாதாரணமா விந்தணு சளிக்குள்ள நேர்கோட்டுல சரசரன்னு போகும். ஐஜிஏ ஒட்டியிருந்தா சளிக்குள்ள நுழையும், ஆனா சேத்துல கால் மாட்டுன மாதிரி நின்ன இடத்துலயே உதறிட்டு இருக்கும், வால் அடிக்குது, ஆனா ஒரு இம்மி நகராது. ஆன்டிபாடியோட ஒரு முனை விந்தணுவ புடிச்சிருக்கும், இன்னொரு முனை சளியோட நார்ல ஒட்டிக்கும், அதான் காரணம். 1970கள்லயே நெதர்லாந்துல கிரெமர், யாகர்னு ரெண்டு பேர் இத விளக்கிட்டாங்க. இன்னொரு வகையில தலையோட தலை இல்ல வாலோட வால் ஒட்டி கொத்தா சேந்துரும். சில ஆன்டிபாடி காம்ப்ளிமெண்ட்னு சொல்ற ரத்த புரோட்டீன கூட்டு சேத்துக்கிட்டு விந்தணுவ செயலிழக்க வச்சிரும். இது எல்லாத்தையும் தாண்டி முட்டைகிட்ட போனாலும், தலைப்பக்கம் ஆன்டிபாடி மூடியிருந்தா முட்டையோட வெளி உறையில ஒட்ட முடியாம போகலாம்.

இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா, இது எல்லாமே வாய்ப்ப குறைக்கிற விஷயம்தான். ஒரு தடவைல கோடிக்கணக்குல விந்தணு உள்ள போகுது, கருக்குழாய் வரைக்கும் போய் சேர்றது சில நூறுதான், ஆன்டிபாடி இல்லாதவங்களுக்கே கணக்கு அப்படித்தான். அந்த சில நூறு இன்னும் குறையும், எவ்வளவு குறையும்ங்கறது ஆன்டிபாடியோட அளவையும், அது விந்தணுவோட எந்த பாகத்துல ஒட்டுதுங்கறதையும் பொறுத்தது. வால் நுனியில மட்டும் ஒட்டறது பெருசா ஒண்ணும் பண்ணாது.

இன்னொண்ணு, அவருக்கு மார் டெஸ்ட், அதாவது அவரோட விந்தணு மேலயே ஆன்டிபாடி ஒட்டியிருக்கான்னு பாக்கற டெஸ்ட் பண்ணாங்களா? எண்ணிக்கை, வேகம் எல்லாம் நார்மலா இருந்தும் ஆன்டிபாடி ஒட்டிக்கிட்டே வெளிய வர்ற ஆளுங்க இருக்காங்க. விந்தணு உருவாகறது வயசுக்கு வந்த அப்புறம்தான், அதனால ஆம்பளைங்க உடம்புக்கே அது அந்நியப் பொருள்தான், விதைக்குள்ள ஒரு தடுப்பு இருக்கறதால ரத்தத்தோட கலக்காம இருக்கு. அடிபட்டாலோ, ஆபரேஷன் ஆனாலோ, இன்ஃபெக்ஷன் வந்தாலோ அந்த தடுப்பு உடையும். குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷன் பண்ண ஆம்பளைங்கள்ல பாதிக்கு மேல ஆன்டிபாடி உருவாகிடுது. 2010ல வந்த டபிள்யூஹெச்ஓ கையேடு, நகர்ற விந்தணுக்கள்ல 50 சதவீதமும் அதுக்கு மேலயும் ஆன்டிபாடி ஒட்டியிருந்தா கவனிக்கணும்னு சொல்லுது. பொண்ணுக்கு மட்டும் ரத்தம் எடுத்துட்டு பழிய அவங்க மேல போடறத நான் நெறைய பாத்துட்டேன், அதனாலதான் இவ்வளவு நீளமா எழுதறேன்.

பனித்துளி:

ரொம்ப நன்றி அண்ணா, ரெண்டு தடவை படிச்சேன். ரிப்போர்ட்ட எடுத்து பாத்தேன், எலைசான்னுதான் போட்டிருக்கு, நீங்க சொன்ன ஐஜிஜி ஐஜிஏன்னு பிரிச்சு எதுவும் இல்ல, கட் ஆஃப்புக்கு கொஞ்சம் மேல ஒரு நம்பர் இருக்கு அவ்வளவுதான். அவருக்கு மார் டெஸ்ட்னு ஒண்ணு பண்ணவே இல்ல. அந்த எரிச்சல் பத்தி யாராச்சும் சொல்லுங்களேன்.

வானவில்:

பனித்துளி மா, எனக்கும் இதே பாசிட்டிவ் வந்திச்சு, அதனால உன் மனசு எப்படி இருக்கும்னு தெரியும். அந்த "உடம்பு ஏத்துக்கல"ங்கற வார்த்தை என்னையும் போட்டு உலுக்கிச்சு, ராத்திரி எல்லாம் நெட்ல தேடிட்டே இருப்பேன், நானே ஏதோ என் குழந்தைய உள்ளயே அழிச்சிட்டு இருக்கேன்னு தோணும். தயவுசெஞ்சு அப்படி நினைக்காத. சளி ஜுரம் வந்தா ஆன்டிபாடி வர்ற மாதிரி இதுவும் ஒண்ணு, நீ எதுவும் பண்ணி வரல.

எனக்கு ஆன்டிபாடிய குறைக்கறதுக்குன்னு ஸ்டீராய்டு குடுத்தாங்க. முகம் வீங்கிச்சு, தூக்கமே இல்ல, சுகர் எல்லைக்கு போயிருச்சு, நிறுத்துன அப்புறம்தான் சரியாச்சு. வேற டாக்டர்கிட்ட போனப்ப அவங்க கேட்ட முதல் கேள்வி, இத எதுக்கு குடுத்தாங்கன்னு. கர்ப்பம் நிக்கறதுக்கு ஆன்டிபாடிய குறைச்சுதான் ஆகணும்னு இல்ல, அது இருக்கற இடத்த தாண்டிப் போனா போதும்னு சொன்னாங்க. விந்த கழுவி, நல்லா நீந்தறத மட்டும் எடுத்து, கருப்பை வாய தாண்டி நேரா கர்ப்பப்பைக்குள்ள வைக்கறதுதான் ஐயூஐ, அப்ப அந்த சளி தொந்தரவு இல்ல. எனக்கு ஐயூஐல நிக்கல, முட்டையையும் விந்தணுவையும் வெளிய லேப்ல சேக்கற ஐவிஎஃப்ல நின்னுச்சு, இப்ப பையன் பள்ளிக்கூடம் போறான். உனக்கு அவ்வளவு தூரம் போகவேண்டியதே வராம இருக்கலாம், உன் நம்பர் கட் ஆஃப் பக்கத்துலதான இருக்கு.

எரிச்சல் பத்தி. அது வேற விஷயமா இருக்க வாய்ப்பு அதிகம்டா. காண்டம் போட்டா எரிச்சல் இல்ல, போடலன்னா சில நிமிஷத்துலயே எரியுது, அரிக்குது, வீங்குதுன்னா விந்து அலர்ஜியா இருக்கலாம். காண்டம் போட்டாதான் அதிகமா எரியுதுன்னா ரப்பர் அலர்ஜி. எப்பவுமே எரிச்சல்னா வறட்சி, இல்ல ஃபங்கஸ் இன்ஃபெக்ஷன், இதுதான் எல்லாத்தையும் விட சகஜம், ஒரு ஸ்வாப் எடுத்தா தெரிஞ்சிரும். இத கைனகாலஜிஸ்ட்கிட்ட கூச்சப்படாம சொல்லிரு. உடம்பு பூரா தடிப்பு வந்தாலோ மூச்சு முட்டினாலோ மட்டும் காத்திருக்காத, உடனே எமர்ஜென்சிக்கு போ.

இம்யூனோ_மாணவன்:

வானவில் அக்கா சொன்னது ரொம்ப சரி. அலர்ஜிக்கும் இதுக்கும் உள்ள வித்தியாசத்த கொஞ்சம் சேத்து சொல்றேன், ஏன்னா நெட்ல ரெண்டையும் போட்டு குழப்பி வச்சிருக்காங்க. அலர்ஜி ஐஜிஇங்கற வேற வகை ஆன்டிபாடியால வர்றது, அது பாக்கறது விந்தணுவ இல்ல, விந்து திரவத்துல இருக்கற புரோட்டீன, முக்கியமா பிஎஸ்ஏ. ஆமா, ஆம்பளைங்களுக்கு ப்ராஸ்டேட் கேன்சர் டெஸ்ட்ல பாக்கறாங்களே அதே பிஎஸ்ஏதான். 1958லயே நெதர்லாந்துல முதல் கேஸ் பதிவாயிருக்கு. இதுல ஆச்சரியம், நாயோட ப்ராஸ்டேட் புரோட்டீனும் நம்ம பிஎஸ்ஏவும் ஒரே குடும்பம், அதனால நாய் அலர்ஜி இருக்கற சில பொண்ணுங்களுக்கு முன்ன பின்ன எந்த பழக்கமும் இல்லாமலே முதல் தடவையே விந்து அலர்ஜி வரலாம். அலர்ஜி இருக்கறதால கரு நிக்காதுன்னு கிடையாது, உறவு வச்சுக்கறதே கஷ்டமாகறதுதான் பிரச்சனை, அவங்களுக்கு கழுவுன விந்தணு வச்சு ஐயூஐ பண்ணலாம்.

எனக்கு இந்த சப்ஜெக்ட்ல உண்மையா பெரிய கேள்வியா தெரியறது, ஏன் எல்லா பொண்ணுங்களுக்கும் இந்த ஆன்டிபாடி வர்றதில்லங்கறதுதான். அந்நிய செல் கோடிக்கணக்குல, திரும்பத் திரும்ப உள்ள வருது, வேற எந்த இடத்துல இப்படி நடந்தாலும் உடம்பு சும்மா விடாது. இங்க விட்டுடறதுக்கு விந்து திரவமே ஒரு காரணம். அதுல டிஜிஎஃப் பீட்டா, ப்ரோஸ்டாகிளாண்டின் ஈன்னு எதிர்ப்ப அடக்கற பொருள் எக்கச்சக்கமா இருக்கு, அது பொண்ணோட உடம்புல ரெகுலேட்டரி டி செல்னு சொல்ற அமைதிப்படுத்தற செல்கள பெருக்குது. சேந்த கொஞ்ச நேரத்துலயே வெள்ளணுக்கள் கருப்பை வாய்க்கு கூட்டமா வந்து மிச்சம் மீதிய சுத்தம் பண்ணிட்டு போயிரும், அது நோய் இல்ல, இயல்பான வேலை. கர்ப்பம் ஆனா அப்பாவோட பாதி மரபணு உள்ள ஒரு உயிர ஒன்பது மாசம் தாங்கணும், அதுக்கான பழக்கம் இங்கேர்ந்தே ஆரம்பிக்குதுன்னு நெறைய ஆராய்ச்சியாளர்கள் நம்பறாங்க. இந்த ஏற்பாட்டுல எங்கயாவது இன்ஃபெக்ஷனோ வீக்கமோ குறுக்க வந்தா சில பேருக்கு ஆன்டிபாடி வந்துரலாம், பல பேருக்கு காரணமே புடிபடறதில்ல.

சரித்திரமும் சொல்லணும், ஏன்னா அந்த ஆறு மாச காண்டம் எங்கேர்ந்து வந்ததுன்னு அப்பதான் புரியும். விந்தணுவ வேற விலங்குக்குள்ள செலுத்துனா அதுக்கு எதிரா ஆன்டிபாடி வரும்னு லாண்ட்ஸ்டைனர், மெட்ச்னிகாஃப் ரெண்டு பேரும் 1899லயே காட்டிட்டாங்க. 1964ல ஃப்ராங்க்ளின், டியூக்ஸ்னு ரெண்டு பேர், காரணம் தெரியாம குழந்தை இல்லாத பொண்ணுங்க ரத்தத்துல விந்தணுவ கொத்தா ஒட்ட வைக்கற ஆன்டிபாடி அதிகமா இருக்குன்னு எழுதினாங்க, விந்து படாம கொஞ்ச மாசம் இருந்தா ஆன்டிபாடி குறையும்ங்கற யோசனையும் அப்ப வந்ததுதான். அதுக்கு அப்புறம் ஒழுங்கா ஒப்பிட்டு பாத்தப்ப அதனால கர்ப்பம் கூடுதுன்னு நிரூபணம் ஆகல. 1968ல ஜப்பான்ல இசோஜிமா குழு விந்தணுவ அசையாம ஆக்கற ஆன்டிபாடிய கண்டுபுடிக்க ஒரு டெஸ்ட் கொண்டு வந்தாங்க, கொத்தா ஒட்ட வைக்கறத விட இதுதான் குழந்தையின்மையோட நெருக்கமா ஒத்துப்போச்சு. ஜப்பான்ல இன்னைக்கும் அந்த அளவ வச்சுதான் ஐயூஐ போதுமா, நேரா ஐவிஎஃப் போகணுமான்னு முடிவு பண்றாங்க.

அதே இசோஜிமா குழு 1987ல, குழந்தை இல்லாத ஒரு பொண்ணோட ரத்த செல்லுலேர்ந்து அந்த ஆன்டிபாடிய தனியா பிரிச்சு எடுத்தாங்க. அது விந்தணு மேல இருக்கற சிடி52ங்கற மூலக்கூறோட சர்க்கரைப் பகுதிய புடிக்கறது. இப்ப அமெரிக்காவுல அதோட வடிவத்த வச்சு, புகையிலை வகைச் செடியில ஆன்டிபாடிய வளத்து, பொண்ணுங்க தாங்களே வச்சுக்கற கருத்தடை ஃபிலிமா பண்ணி மனுஷங்ககிட்ட முதல் கட்ட சோதனை வரைக்கும் போயிருக்காங்க. ஒரு பொண்ணுக்கு அவ்வளவு வேதனை குடுத்த அதே ஆன்டிபாடி, ஹார்மோன் மாத்திரை ஒத்துக்காத பொண்ணுங்களுக்கு உதவலாம். அந்த பெயர் தெரியாத அம்மாவுக்கு நன்றி சொல்லணும்னு இத படிக்கறப்பல்லாம் எனக்கு தோணும்.

சுடரொளி:

எல்லாரும் காண்டம் முறை வேஸ்ட்னு சொல்றீங்க, ஆனா என் அக்காவுக்கு அப்படி இருந்துட்டு நிறுத்துன அப்புறம்தான் நின்னுச்சு. ஸ்டீராய்டும் எடுத்தாங்க. அதனால டாக்டர் சொன்னத அப்படியே தூக்கி போட சொல்லாதீங்க, படிச்சவங்க காரணம் இல்லாம எழுத மாட்டாங்க.

லேப்_விளக்கு:

உங்க அக்காவுக்கு நல்லது நடந்ததுல எனக்கும் சந்தோஷம் சுடரொளி. ஆனா ஒண்ணு யோசிங்க, 31 வயசுல காரணம் தெரியாத குழந்தையின்மை இருக்கற தம்பதிகள்ல கணிசமான பேருக்கு எந்த சிகிச்சையும் இல்லாமலே அடுத்த ஒண்ணு ரெண்டு வருஷத்துல நிக்கறது உண்டு. அதனால ஒருத்தருக்கு நின்னுச்சுங்கறத வச்சு அது காண்டத்தாலயா, மாத்திரையாலயா, தானாவான்னு பிரிக்க முடியாது, அதுக்குத்தான் ஒரு குழுவுக்கு குடுத்து இன்னொரு குழுவுக்கு குடுக்காம ஒப்பிட்டு பாக்கறாங்க. ஸ்டீராய்டு ஆய்வுகள்ல நெறைய ஆம்பளைங்களுக்கு குடுத்து பாத்ததுதான், அதுலயும் முடிவு ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகல, பக்கவிளைவோ நிச்சயம், அபூர்வமா இடுப்பு எலும்பே ரத்த ஓட்டம் இல்லாம செத்துப்போனதும் பதிவாகியிருக்கு. பிரிட்டன்ல சிகிச்சை விதிமுறைகள் வகுக்கற நைஸ்ங்கற அமைப்போட வழிகாட்டுதல், சிகிச்சை பலன் குடுக்கும்னு ஆதாரம் இல்லாததால ஆன்டி ஸ்பெர்ம் ஆன்டிபாடிக்கு ஸ்கிரீனிங்கே குடுக்க வேண்டாம்னு சொல்லுது, சேந்த அப்புறம் சளிய எடுத்து பாக்கற பழைய போஸ்ட் காய்ட்டல் டெஸ்டும் வழக்கமா வேண்டாம்னுதான் சொல்லுது. டாக்டர தூக்கி போடுன்னு நான் சொல்லல, காரணம் கேளுங்கன்னுதான் சொல்றேன்.

ஆறு மாசம்ங்கறது 31ல தாங்கலாம், 37, 38ல இருக்கறவங்களுக்கு அது ரொம்ப பெரிய இழப்பு. ஆன்டிபாடி குறைஞ்சாலும் திரும்ப விந்து பட்டதும் ஏறாதுன்னு எந்த உத்தரவாதமும் இல்ல, அந்த ஆறு மாசத்துல இயற்கையா நிக்கற வாய்ப்பையும் நாமளே அடைச்சு வைக்கறோம்.

இம்யூனோ_மாணவன்:

ஒரு சின்ன சேர்க்கை. ஆன்டிபாடி நிஜமாவே கருத்தரிப்ப நிறுத்த முடியுமான்னு கேக்கறவங்களுக்கு, 1988ல கினி பன்றிங்களுக்கு விந்தணுவோட பிஹெச்20ங்கற புரோட்டீன ஊசி போட்டு பாத்தாங்க, கருத்தரிப்பு முழுசா நின்னுச்சு, ஆன்டிபாடி குறைஞ்ச அப்புறம் திரும்ப வந்துச்சு. ஆக அளவு அதிகமா, சரியான இடத்துல ஒட்டுனா அதுக்கு அந்த சக்தி இருக்கு. அதனாலதான் பாசிட்டிவா நெகட்டிவாங்கறத விட எவ்வளவு, எங்கங்கறது முக்கியம்.

வானவில்:

பனித்துளி, அடுத்த தடவை போறப்ப அவரையும் கூட கூட்டிட்டு போ. எந்த வகை ஆன்டிபாடின்னு கேளு, அவருக்கு மார் டெஸ்ட் எழுதச் சொல்லு, ஸ்டீராய்டு எதுக்கு, எத்தன நாளைக்கு, சுகர் பிரஷர் எப்ப பாப்பீங்கன்னு கேளு, இந்த ரிப்போர்ட்டே இல்லன்னா என்ன சிகிச்சை சொல்லியிருப்பீங்கன்னும் கேளு. என்னோட ரெண்டாவது டாக்டர் கடைசி கேள்விக்கு ஐயூஐதான்னு சொன்னாங்க, ரிப்போர்ட் இருந்தாலும் அதேதான்னாங்க, அப்பதான் எனக்கு மனசு லேசாச்சு. ஐவிஎஃப் வரைக்கும் போனாலும், ஆன்டிபாடி ரொம்ப அதிகமா இருந்தா இக்ஸின்னு ஒரு விந்தணுவ ஊசியால நேரா முட்டைக்குள்ளயே வைக்கற வழியும் இருக்கு. முன்னெல்லாம் ஐவிஎஃப்ல அம்மாவோட ரத்த சீரத்தையே வளக்கற திரவத்துல கலப்பாங்களாம், ஆன்டிபாடி இருக்கறவங்களுக்கு அதனால கருவாகறது குறைஞ்சதுன்னு தெரிஞ்ச அப்புறம் அத மாத்திட்டாங்கன்னு எங்க எம்ப்ரியாலஜிஸ்ட் சொன்னாங்க.

பனித்துளி:

எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி. அவர்கிட்ட இத முழுசா படிச்சு காட்டினேன், அந்த ஆன்டிபாடி எல்லார் விந்தணுவையும்தான் பாக்கும், உங்க மேல தனிப்பட்ட எதிர்ப்பு இல்லங்கற இடத்துல அவர் முகமே மாறிடுச்சு, அத போட்டோ எடுத்து அவங்க அம்மாவுக்கும் அனுப்பிட்டார். யோசிச்சு பாத்தா எரிச்சல் காண்டம் போட்ட நாள்லயும் இருந்திருக்கு, அதனால ஸ்வாப் எடுக்கறதா முடிவு பண்ணிட்டோம். மாத்திரைய இன்னும் ஆரம்பிக்கல, வேற ஒரு டாக்டர்கிட்ட அப்பாயின்ட்மென்ட் வாங்கியிருக்கோம், வானவில் அக்கா எழுதுன கேள்விங்கள ஒரு பேப்பர்ல எழுதி ஃபைல்ல வச்சாச்சு. மார் டெஸ்ட் ரிசல்ட் வந்ததும் இங்கயே போடறேன், இதே மாதிரி ரிப்போர்ட்ட கையில வச்சுக்கிட்டு தேடிட்டு வர்றவங்களுக்கு உதவும்.